கேட்டு வாங்கிய தண்ணீர்

புதிதாக ஊழியத்துக்கு வந்திருக்கிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஏதாவது சொல்லுங்கள் என்று என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். பிரசங்கம் எனக்கு வராது, அது போதகர்கள் வேலை. நான் வேதாகம ஊழியக்காரியாக அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களில் சுற்றித் தேய்ந்தவள். வீடு வீடாகப் போவேன், பெண்களோடு உட்கார்ந்து ஜெபிப்பேன், வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுவேன், சண்டை என்றால் நடுவில் போய் நின்று இரண்டு பக்கத்திலும் வாங்கிக் கட்டிக்கொள்வேன். ஓய்வு பெற்ற பிறகும் வாய் மட்டும் ஓயவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள்.

பயிற்சியில் உங்களிடம், நீங்கள் எல்லாரும் கடவுளுக்கு உடன்வேலையாட்கள் என்று சொல்லியிருப்பார்கள். நல்ல சொல்தான். ஆனால் அதை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். முதலாளி தோளில் கை போட்டு நடக்கிறவனுக்கு வருகிற மிதப்பு அதில் வந்துவிடுகிறது. நேற்றுக்கூட ஒரு தம்பி கேட்டார், அக்கா, எதுவரைக்கும் அவர் வேலை, எங்கிருந்து நம் வேலை, கோடு எங்கே இருக்கிறது என்று. எனக்குத் தெரியாது தம்பி. தெரிந்த மாதிரி யாராவது சொன்னால் அவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

பந்தல்குடியில் ஒரு வீடு. எண்பதுகளின் தொடக்கம். கைக்குழந்தைக்கு வாந்தியும் பேதியுமாகக் கண் செருகிக் கிடந்தது. அன்றைக்கு என்னோடு வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்திருந்தார். உருக்கமான குரல், நல்ல மனிதர், குறை சொல்லக் கூடாது. இரண்டு கையையும் கூரைக்கு உயர்த்திக் கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்தார். ஆதாமில் தொடங்கினவர், இன்னும் நோவாவுக்கே வந்து சேரவில்லை. குழந்தையின் தாய் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் வாசல் பக்கம் தலையை அசைத்தேன். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் வெளியேற, நானும் பின்னாலேயே போனேன். தூத்துக்குடி ரோட்டில் அருப்புக்கோட்டைப் பக்கமாகப் போன ஒரு லாரியைக் கை காட்டி நிறுத்தி, ஆஸ்பத்திரிக்குப் போக ஏறிவிட்டோம். பிரசங்கியார் ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது எதிரே வெறும் பாயும் ஒரு கோழியும்தான் இருந்தனவாம்.

பிள்ளை பிழைத்தது. ஜெபத்தால் என்றார் பிரசங்கியார். தான் மிதித்த மிதியால் என்றார் லாரிக்காரர். அந்தத் தாய் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கும்பிடாகப் போட்டாள். இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். நான் சொல்ல வந்தது, ஓர் ஊரே மாட்டிக்கொண்டு முழித்த கதை.

ஊர்ப் பெயர் வேண்டாம், பேரன் பேத்திகள் இன்னும் இருக்கிறார்கள். திருச்சுழிக்குப் போகிற பஸ்ஸில் நடுவழியில் இறங்கிக் கருவேலங்காட்டுக்குள் நடக்க வேண்டும். ஊருக்கு மேற்கே கண்மாய். கரையை ஒட்டி, ஊரிலேயே தாழ்ந்த இடத்தில், எங்கள் சபைத் தெரு இருந்தது. கூலி வேலை செய்த குடும்பங்கள். நடுவில் ஓடு போட்ட சின்ன ஜெபவீடு. மற்றத் தெருக்கள் எல்லாம் மேட்டில், மேலத் தெரு என்போம், எல்லாரும் இந்துக்கள்.

எண்பதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம் என்னை அங்கே அனுப்பினார்கள். அதற்கு முன்பே சில வருஷமாக மழை இல்லை. கண்மாய்க்குள் ஆடு மேய்ந்தது. ஆண்களில் பாதிப் பேர் அருப்புக்கோட்டைத் தறிக் கொட்டகைகளுக்குப் போய்விட்டார்கள். பெண்கள் குடத்தோடு மைல்கணக்கில் நடந்தார்கள். ஊர்க்காரர்கள் கொடும்பாவி கட்டி இழுத்து ஒப்பாரி வைத்தார்கள், வீட்டுக்கு வீடு வாங்கி மழைக்கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள். எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை தவறாமல் உபவாச ஜெபம் நடந்தது.

அதை நடத்தியவர் சபை மூப்பர் ஏசுவடியான். முழங்காலில் காய் காய்த்துப் போன மனிதர். சொற்பம்தான் பேசுவார், ஜெபத்தில் மட்டும் ஆறாக ஓடும். அவர் மனைவி சாராள் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து கட்டிலோடு இருந்தார். மூப்பர்தான் அவரைக் குளிப்பாட்டுவார், தலை சீவிவிடுவார், கஞ்சியைக் கரைத்து ஊட்டுவார். ஆம்பளை இதெல்லாம் செய்வானா என்று மேலத் தெருவில் கிண்டல் பண்ணினவர்கள்கூட உள்ளுக்குள் அவரை மதித்தார்கள். சாராளக்காவுக்கு வாய் கோணியிருந்தாலும் பேச்சு நிற்கவில்லை. என்னைக் கண்டதும், வாங்கம்மா, ஜெபம் பண்ணுனது போக மிச்ச நேரம் ஊர்க்கதை சொல்லுங்க என்பார்.

அந்த ஊரில் ஒரு முறை இருந்தது. கோடையில் கண்மாய் காய்ந்து கிடக்கும்போது உள்ளே கரம்பை மண் வெட்டிக் கரைமேல் போட்டுப் பலப்படுத்துவார்கள். தெருவுக்கு ஒரு பங்கு கரை, வீட்டுக்கு ஓர் ஆள். எங்கள் தெருவின் பங்கு எங்கள் வீடுகளின் தலைக்கு நேராக இருந்த கரைதான். நான் போவதற்கு முந்திய கோடையில் ஊர் சாட்டிய நாள் வெள்ளிக்கிழமையாக விழுந்திருக்கிறது. தண்ணீரே இல்லாத கண்மாய்க்குக் கரை எதற்கு, முதலில் மழையைக் கேட்போம் என்று மூப்பர் சொல்ல, மண்வெட்டியை வைத்துவிட்டு எல்லாரும் ஜெபத்துக்குப் போய்விட்டார்கள். அப்புறம் ஒருநாள் போடலாம் என்றது அப்படியே போயிற்று. மற்றத் தெருக்கள் தங்கள் பங்கை முடித்துக்கொண்டன. எங்கள் பங்கு எலிவளையும் கருவேல வேருமாகக் கிடந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நான் சிரிக்க மாட்டேன். வருஷக்கணக்கில் வானத்தைப் பார்த்துக் கழுத்து வலித்தவர்களுக்குக் கரையைப் பார்க்கத் தோன்றாது.

ஐப்பசியில் வந்ததய்யா மழை. அடேயப்பா, அப்படி ஒரு மழையை நான் அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் பார்க்கவில்லை. ஓடையெல்லாம் சிவப்பாக ஓடிக் கண்மாயில் விழுந்தது. நண்டும் சிண்டும் தெருவில் ஆடின. மேலத் தெருப் பெண்கள் ஈரச் சேலையோடு வந்து எங்கள் ஜெபவீட்டு வாசலில் தேங்காய் பழம் வைத்துக் கும்பிட்டார்கள். தேங்காயை என்ன செய்வது என்று மூப்பர் என்னைப் பார்த்தார். உடைத்து எல்லாருக்கும் கொடுங்கள் என்றேன். அந்தத் தேங்காய்ச் சில்லைத் தின்றுகொண்டு நின்ற எங்கள் சனங்களின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காலம் காலமாகக் குனிந்து நின்றவர்கள், முதல்முறையாக ஊர் அவர்களைத் தேடி வந்திருக்கிறது. எனக்கே கண் கலங்கிவிட்டது. எனக்கும் அதில் பெருமைதான், இல்லை என்று சொன்னால் பொய்.

கண்மாய் நிறைந்தது. அப்போதுதான் எல்லாருக்கும் ஆசை வந்தது. கலுங்கு என்று ஒன்று உண்டு. கண்மாயின் ஓரத்தில் கல் கட்டிய தாழ்வான வாய். தண்ணீர் அளவுக்கு மேல் வந்தால் அது வழியாகத் தானே வழிந்து ஓடைக்குப் போய்விடும். கரைக்கு அதுதான் காவல். அதை அடைத்தால் இன்னும் ஒரு முழம் தண்ணீர் நிற்குமே என்று ஊரே பேசியது. பாட்டுப் பாடிக்கொண்டு எங்கள் ஆட்கள் போனார்கள். மூப்பர் ஸ்தோத்திரம் சொல்லி முதல் கல்லை வைத்தார். மற்றவர்கள் பனைமரத் துண்டும் மண் நிரப்பிய உரச்சாக்கும் அடுக்கினார்கள். மேலத் தெருக்காரர்களும் கை கொடுத்தார்கள்.

மழை நிற்கவில்லை. இரண்டாம் தடவையாகப் பிடித்துக்கொண்டு ராவும் பகலும் ஊற்றியது. ஒரு நாள் மதியம் ஜெபவீட்டில் பெண்களோடு ஸ்தோத்திரக் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தேன். கண்மாய்த் தண்ணீரைப் பார்த்துக்கொள்கிற மேலத் தெருக் கருப்பையா வாசலில் வந்து நின்றார். பாட்டு முடியட்டும் என்று மரியாதையாக நின்ற மனிதர், பாதியிலேயே கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தோம். எங்கள் பங்குக் கரையின் அடியில் தண்ணீர் ஊறி வந்துகொண்டிருந்தது. கலங்கலாக வந்தது. அந்த ஊரில் பிறந்த யாருக்கும் அதற்கு அர்த்தம் தெரியும். தெளிவாகக் கசிந்தால் கவலை இல்லை. கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைகிறது, கரை போகப் போகிறது.

கரை போனால் முதலில் எங்கள் தெரு. ஜெபவீடு, வீடுகள், கட்டிலில் கிடக்கிற சாராளக்கா. அடுத்து, கண்மாயில் நின்ற அவ்வளவு தண்ணீரும். அது போனால் மறுபடியும் தறிக் கொட்டகை, மறுபடியும் குடத்தோடு நடை.

கரைமேல் ஊர் கூடிவிட்டது. மடையின் ஷட்டரைத் திருகிப் பார்த்தார்கள், வருஷக்கணக்கில் துருப்பிடித்துக் கிடந்தது நகரவில்லை. கலுங்கின் அடைப்பை எடுத்துத் தண்ணீரை விடுவது ஒன்றுதான் வழி. எல்லாருக்கும் தெரிந்த வழி. ஆனால் யாரும் கலுங்குப் பக்கம் போகவில்லை. ஊர்ப் பெரியவர் ராமசாமி துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டு மூப்பரைப் பார்த்தார்.

"நாங்க கொடும்பாவி கட்டி இழுத்தோம், பெய்யலை. இவுக கேட்டாக, பெஞ்சிருக்கு. கேட்டு வாங்குனவுக சொல்லட்டும். அவுக சொல்லாம அந்த அடைப்புல நாங்க கை வைக்க மாட்டோம்."

அவர் மனசாரத்தான் சொன்னார். எங்கள் சாமியிடம் அவருக்கு ஒரு பயம் வந்திருந்தது. தண்ணீரை விட்ட பழி தன் தலையில் விழ வேண்டாம் என்கிற கெட்டிக்காரத்தனமும் அதில் ஓரமாக இருந்தது. எப்படியோ, ஊர்க் கண்மாயின் தலையெழுத்து எங்கள் சபை மூப்பர் கையில் வந்து விழுந்துவிட்டது. அத்தனை பேரும் அவர் வாயைப் பார்க்கிறார்கள்.

மூப்பர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "அவரு கொடுத்த தண்ணிய நான் எப்படி வேண்டாம்னு திறந்து விடுவேன்? கொடுத்தவருக்குக் கரையைக் காப்பாத்தத் தெரியும். எல்லாரும் ஜெபவீட்டுக்கு வாங்க, முழங்கால் போடுவோம்."

நம் ஆட்கள் கரையிலிருந்து இறங்க ஆரம்பித்தார்கள். பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, கரை உடைந்தால் முதலில் மூழ்கப்போகிற அந்தக் கட்டடத்துக்குள் போகிறார்கள்.

இந்த இடத்தில்தான் உங்களைக் கொஞ்சம் நிறுத்துகிறேன். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? மூப்பர் தப்பு, அடைப்பை எடுங்கள் என்று நான் கத்தியிருக்கலாம். சிலர் கேட்டிருப்பார்கள். ஆனால் நான் ஆடி மாதம் வந்தவள், அவர் அந்தச் சபையைத் தோளில் சுமந்தவர். ஊர் முன்னால் அவரை நான் உடைத்தால் பிறகு அவரை ஒட்ட வைக்க யாராலும் முடியாது. பொறுமையாக உட்கார்ந்து பேசவோ நேரம் இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் சொன்னதில் பாதி எனக்கும் உண்மையாகப் பட்டது. நம்பு நம்பு என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தவள் நான்தானே?

முதலில் பெண்களைத் திருப்பினேன். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போங்கள், அங்கிருந்து ஜெபித்தாலும் அவருக்குக் கேட்கும் என்றேன். பெண்கள் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்தவர்கள் மாதிரி விறுவிறுவென்று ஏறிப் போய்விட்டார்கள். ஆண்கள் மட்டும் மூப்பர் முகத்தைப் பார்த்துத் தயங்கி நின்றார்கள். நான் மூப்பரிடம், வாங்கய்யா, முதலில் அக்காவைத் தூக்கிப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்போம், மற்றதை அப்புறம் பேசலாம் என்றேன்.

வீட்டுக்குப் போனோம். தரை ஊறிச் சொதசொதவென்று இருந்தது. கட்டில் கால் மண்ணில் இறங்கியிருந்தது. மூப்பர் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார், தூக்கவில்லை. இவளைத் தூக்கிக்கொண்டு நான் ஓடினால் ஊர் என்னம்மா சொல்லும், கேட்டவனே நம்பவில்லையே என்று சொல்லுமே என்றார். அவர் வீம்புக்குப் பேசவில்லை. அந்த மனிதருக்குள் அப்போது என்ன நடந்தது என்று நினைத்தால் இப்போதும் எனக்குப் பாவமாக இருக்கிறது. ஊர் முதல்முறையாகத் தேடி வந்த ஆண்டவரை தான் ஒரே மத்தியானத்தில் தோற்க வைத்துவிடுவோமோ என்று பயந்தார். தன்னை விடவும், அந்தக் கட்டிலில் கிடந்தவரை விடவும், அது அவருக்குப் பெரிதாக இருந்தது.

சாராளக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கோணிய வாயால் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"எனக்கு ஆண்டவர் மேல நம்பிக்கை இருக்கு. நீங்க போடாம விட்ட மண்ணு மேலதான் இல்லை."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் ஏதாவது வசனம் சொல்லிக் கெடுத்திருப்பேன். தம்பிகளே, தங்கைகளே, சில சமயம் நம் ஊழியம் என்பது வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான், அது பிரசங்கத்தைவிடக் கஷ்டம்.

அவர் குனிந்து மனைவியின் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்தார். அதற்குள் கருப்பையாவும் மேலத் தெரு முனியாண்டியும் தாங்களாகவே உள்ளே வந்து, கட்டிலோடு தூக்குவோம் என்று ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தார்கள். அந்த வீட்டு வாசலைத் தாண்டி அதற்கு முன்னால் மேலத் தெருக்காரர் யாரும் உள்ளே வந்ததில்லை. அன்றைக்கு அது யார் ஞாபகத்திலும் இல்லை. மூப்பரும் கை கொடுக்கப் போனார். சாராளக்கா வேண்டாம் என்று தலையை அசைத்தார். நீங்கள் கலுங்குக்குப் போங்கள், வைத்தவர்தான் எடுக்க வேண்டும் என்றார்.

கட்டில் மேட்டுக்குப் போனது, மூப்பரும் நானும் கலுங்குக்கு ஓடினோம். அடைப்புக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விளிம்பு தட்டி நின்றது. மழை சாரலாகிவிட்டிருந்தது. ஊர் பின்னாலேயே வந்து நின்றது. மூப்பர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல்லுக்குப் பக்கத்தில் போய் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்மா, ஒரு வார்த்தை ஜெபம் பண்ணிட்டு எடுக்கட்டா?"

"எடுத்துக்கிட்டே பண்ணுங்கய்யா."

நான் யோசித்துச் சொன்னதில்லை, பதற்றத்தில் வந்தது. அவர் அப்படியே செய்தார். இரண்டு கையாலும் கல்லை ஆட்டி ஆட்டிப் பெயர்த்துக்கொண்டே, ஆண்டவரே கோவிச்சுக்கிறாதீக, ஆண்டவரே கோவிச்சுக்கிறாதீக என்று சொல்லிக்கொண்டிருந்தார். கல் வந்தது. நம் ஆண்கள் அடுத்து இறங்கினார்கள். சாக்கு, பனைத் துண்டு என்று ஒவ்வொன்றாக இழுத்தார்கள். திறந்த வாயில் தண்ணீர் ஓவென்று பாய்ந்து ஓடைக்குப் போனது. வேடிக்கை பார்த்தவர்களில் பல பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மூப்பர் ஓரமாக உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

தண்ணீரை விட்டால் மட்டும் போதாது, கரைந்த இடத்தை அடைக்கவும் வேண்டும். அது எங்கள் பங்கு. கோடையில் தங்கள் பங்கை ஒழுங்காக முடித்தவர்களுக்கு அதில் ஒரு கூடை மண்கூடப் போட வேண்டிய கடமை இல்லை. ராமசாமி சுருக்கமாக, இப்ப எவன் பங்குன்னு பாக்குற நேரமா, எல்லாரும் வாங்க என்றார். வைக்கோல் வந்தது, கருவேல முள்ளைக் கட்டுக் கட்டாக வெட்டி இறக்கினார்கள், மேட்டிலிருந்து கூடை கூடையாக மண் வந்தது. மேலத் தெருக் காளியம்மாள் என்று ஒரு பெண், நிறை சூலி, சொல்லச் சொல்லக் கேட்காமல் கூடை மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். முனியாண்டி கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி உள்பக்கம் முள்கட்டை மிதித்து நிறுத்தினார். மூப்பர் எழுந்து வந்து அவருக்குப் பக்கத்தில் இறங்கினார். பொழுது சாய்கிற நேரத்தில் கசிவு தெளிந்துவிட்டது.

கரை நின்றது. அந்தத் தெரு இன்னும் அங்கே இருக்கிறது.

இதோடு முடித்துக்கொண்டால் உங்களுக்கு வசதியாக இருக்கும். ஆனால் அன்று பொழுது சாயும்போதே மழையும் நின்றுவிட்டது. மறுநாள் சுள்ளென்று வெயில். உடனே பேச்சுக் கிளம்பிவிட்டது. அடைப்பை எடுத்திருக்கவே வேண்டாம், கொஞ்சம் பொறுத்திருந்தால் கரையும் நின்றிருக்கும், தண்ணீரும் நின்றிருக்கும் என்றார்கள். கடைமடை வயல்காரர்கள் இந்த வருஷம் எங்களுக்குப் பாயாதே என்று முனகினார்கள். மேலத் தெருவில் மட்டுமில்லை, நம் சபைக்குள்ளேயே பேசினார்கள். மூப்பருக்கு விசுவாசம் ஆட்டம் கண்டுவிட்டது, அவர் முழங்காலில் நின்றிருந்தால் ஆண்டவர் அற்புதம் செய்திருப்பார் என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். அந்த ஆள் மறுபடியும் என்னிடம் பேச வெகுநாள் ஆனது, அதற்கு என் பதில்தான் காரணம், அது இங்கே வேண்டாம்.

சனிக்கிழமை சாயங்காலம் மூப்பர் என்னைத் தேடி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நான் அவிசுவாசியாகிவிட்டேனா அம்மா என்று கேட்டார். இனிமேல் சபைக்கு முன்னால் நின்று ஜெபிக்க எனக்குத் தகுதி உண்டா, இல்லை என்றால் நாளைக்கே மூப்பர் வேலையை விட்டுவிடுகிறேன் என்றார். ஜெபம் போய்விட்டால் அந்த மனிதருக்கு மிச்சம் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

இப்போது என்றால் உங்களுக்காகப் பதமான பதில் ஒன்று செய்து தருவேன். கொடுக்கிற வேலையை ஆண்டவர் செய்தார், காக்கிற வேலையை நம் கையில் தந்திருந்தார், அதைத்தான் நீங்கள் செய்தீர்கள் என்று. இது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அன்றைக்கு எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. பொறுத்திருந்தால் கரை நின்றிருக்குமா? யாருக்குத் தெரியும்? அதனால் உள்ளதைச் சொன்னேன். எனக்குத் தெரியவில்லை மூப்பரய்யா, இத்தனை வருஷம் யாரோடு பேசினீர்களோ அவரிடமே கேளுங்கள், நாளைக்கு ஜெபம் நீங்கள்தான் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜெபவீடு நிறைந்திருந்தது. வழக்கம்போலச் சாராளக்காவின் கட்டிலைக் கொண்டுவந்து வாசல் ஓரமாகப் போட்டிருந்தார்கள். மூப்பர் எழுந்து நின்றார். மழைக்காக ஸ்தோத்திரம் என்றார். அது எல்லாரும் எதிர்பார்த்தது, ஆமென் என்று வந்தது. கரைக்காக ஸ்தோத்திரம் என்றார். கொஞ்சம் குறைவாக ஆமென் வந்தது. அப்புறம் நிறுத்திவிட்டார். ஆறாக ஓடுகிற மனிதருக்குச் சொல் வரவில்லை.

பிறகு மெதுவாக ஆரம்பித்தார். "கருப்பையாவுக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே. முனியாண்டிக்காக ஸ்தோத்திரம். காளியம்மாளுக்காக, அவ வயித்துப் பிள்ளைக்காக ஸ்தோத்திரம். ராமசாமி ஐயாவுக்காக ஸ்தோத்திரம்."

அந்த ஜெபவீட்டில் அந்தப் பெயர்களை அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. சாமி பெயர் வைத்துக்கொண்டவர்கள். மனம் திரும்ப வேண்டும் என்று வேண்டுகிறபோது மட்டும், பொதுவாக, ஊரார் என்று சொல்லிக் கடந்து போவோம். சனங்கள் கண்ணைத் திறந்து ஒருவரையொருவர் பார்த்தார்கள். மூப்பர் கண்ணைத் திறக்கவில்லை.

"அவுக எல்லாரும் உங்களோட சேந்து வேலை செஞ்சாக ஆண்டவரே. நாங்கதான் பிந்தி வந்தோம்."

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. இதற்குச் சொல்லலாமா கூடாதா என்று எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. சொல்ல வேண்டும் என்று தெரிகிறது, நானோ அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாசல் பக்கமிருந்து, கோணிய வாயால், நன்றாக இழுத்து, சாராளக்காதான் முதலில் ஆமென் என்றார். அதற்குப் பிறகுதான் நான் சொன்னேன்.